மறதிநோய்க்கு ஒளிச் சிகிச்சை: எதை நம்பலாம், எதற்குப் பொறுக்கவேண்டும், வன்னி வீட்டில் எது முடியும்

வெளிச்சத்தால் மறதிநோய் மாறுகிறது என்ற செய்தி சில வருடங்களாகவே விட்டு விட்டு வந்துகொண்டிருக்கிறது. வட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் காணொளியாக வரும். முகநூலில் மினுங்கும் கண்ணாடி போட்ட வயோதிபரின் படமாக வரும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் மகன் தொலைபேசியில் “அம்மாவுக்கு ஒரு லைற் வாங்கி அனுப்பட்டோ?” என்று கேட்பதாகவும் வரும்.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத மூன்று சிகிச்சைகள் “ஒளிச் சிகிச்சை” என்ற ஒரே பெயரில் நடமாடுகின்றன. ஒன்றுக்குக் கிடைத்த நல்ல பெயரை வைத்து இன்னொன்றை விற்கிறார்கள். மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் கிளிநொச்சியிலோ ஒட்டுசுட்டானிலோ ஒரு வயோதிபரைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம் என்ன செய்யலாம் என்பது தெளியும். இழந்த நினைவைத் திருப்பித் தரும் என்று இந்த மூன்றில் எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மறதிநோய் என்று எதைச் சொல்கிறோம்

வயது போனால் பெயர்கள் சட்டென்று வாயில் வராமல் போவது வழமை. மறதிநோய் அதைத் தாண்டியது. உலையில் அரிசி போட்டது தெரியாமல் இரண்டாம் தரமும் போடுவது, நாற்பது வருடம் நடந்த ஒழுங்கையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்பது, கடையில் மிச்சக் காசை எண்ண முடியாமல் போவது. நினைவு, மொழி, திசை, கணக்கு, முடிவெடுத்தல் எல்லாம் மெல்ல மெல்லத் தேய்ந்து, அன்றாட வேலைக்கே இன்னொருவர் வேண்டும் என்ற நிலை வருவதைத்தான் மருத்துவம் மறதிநோய் என்கிறது. ஊரில் “அறளை பேந்திட்டுது” என்று ஒரு சொல்லோடு விட்டுவிடுவதால் பலர் வைத்தியசாலைப் பக்கமே போவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021 இல் 5 கோடியே 70 இலட்சம் பேருக்கு மறதிநோய் இருந்தது. அதில் பாதிக்கு மேற்பட்டோர் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருப்பவர்கள். நோய்களில் 60 முதல் 70 வீதம் வரை அல்சைமர் வகை. அதில் அமிலோயிட் என்ற புரதம் மூளைக் கலங்களுக்கு வெளியே படிகிறது. ரோ என்ற இன்னொரு புரதம் கலங்களுக்குள்ளே முறுகுகிறது. அதற்கு அடுத்த பெரிய வகை மூளையின் இரத்தக் குழாய்கள் பழுதாவதால் வருவது. பிரஷரும் சலரோகமும் கவனிக்கப்படாமல் கிடக்கும் இடங்களில் இதைக் குறைத்து மதிக்க முடியாது.

மருந்துகள் உண்டு, ஆனால் சிறிய உதவிதான். டொனெபெசில், மெமன்ரீன் போன்றவை அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும். அமெரிக்காவில் 2023 இல் லெகனெமாப், 2024 இல் டொனனெமாப் என்ற ஊசி மருந்துகள் முழு அங்கீகாரம் பெற்றன. அவை அமிலோயிட்டைக் கரைத்து ஆரம்ப நிலை நோயின் வேகத்தைக் குறைப்பவை. மூளையில் வீக்கமோ இரத்தக் கசிவோ வருகிறதா என்று திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபடிதான் ஏற்றவேண்டும். முல்லைத்தீவிலிருந்து அதை எண்ணிப் பார்ப்பதே கடினம். மருந்து இப்படி எட்டாத உயரத்தில் இருக்கும்போது, “வெறும் வெளிச்சம் போதும்” என்ற செய்திக்குக் காது தானாகத் திறக்கிறது.

ஒரு பெயர், மூன்று ஒளிகள்

1. பிரகாச ஒளி. வெள்ளை வெளிச்சத்தை, சாதாரண வீட்டு வெளிச்சத்தை விடப் பல மடங்கு கூடுதலாக, பகலில் கண்ணில் பட வைப்பது. நோக்கம் உடலின் நாட்கடிகாரத்தைச் சரிசெய்வது.

2. 40 ஹேர்ட்ஸ் மினுக்கொளி. செக்கனுக்கு 40 தரம் அணைந்து எரியும் வெளிச்சம், அதே வேகத்தில் ஒலியும். நோக்கம் மூளையின் மின்னலைகளை அந்தத் தாளத்துக்குக் கொண்டுவருவது.

3. அகச்சிவப்பு ஒளி. தலையில் தொப்பி போல மாட்டும் கருவியிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத அல்லது மங்கலாகத் தெரியும் சிவப்புப் பக்க ஒளியை மண்டையோட்டுக்குள் செலுத்துவது. நோக்கம் மூளைக் கலங்களின் சக்தி உற்பத்தியைக் கூட்டுவது.

முதலாவது கண்ணையும் தூக்கத்தையும் பற்றியது. இரண்டாவது மூளை மின்னலைகள் பற்றியது. மூன்றாவதுக்குக் கண்ணே தேவையில்லை. மூன்றுக்கும் சான்று வேறு, ஆபத்து வேறு, விலையும் வேறு.

கண்ணுக்குள் இருக்கும் இரண்டாவது வேலை

கண் பார்ப்பதற்கு மட்டும்தான் என்று நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். 2002 இல் விழித்திரையில் இன்னொரு வகைக் கலம் உறுதிப்பட்டது. அதில் மெலனொப்சின் என்ற நிறமி இருக்கிறது. உருவம் பார்ப்பது அதன் முக்கிய வேலையில்லை. சுற்றாடலில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று அளந்து மூளைக்குச் சொல்வதுதான். 480 நனோமீற்றர் அளவிலான நீலப் பக்க ஒளிக்கு அது மிகக் கூர்மையாகப் பதில் சொல்லும். காலை வானத்தில் அந்த நீலம் நிறைய உண்டு. மஞ்சள் குமிழிலும் விளக்குச் சுடரிலும் மிகக் குறைவு.

இந்தச் செய்தி போய்ச் சேரும் இடம் மூளையின் அடிப்பக்கத்தில், இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு சிறு நரம்புக் கொத்து. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். மனித உடலின் கடிகாரம் சரியாக 24 மணி நேரத்தில் ஓடுவதில்லை. சராசரியாக 24 மணியும் பத்துப் பன்னிரண்டு நிமிடமும் எடுக்கும். தினமும் கொஞ்சம் பிந்தும் சுவர் மணிக்கூட்டை காலையில் முள்ளைத் தள்ளிச் சரிபண்ணுவது போல, விடியல் வெளிச்சம் அதைத் தினமும் நேராக்குகிறது. இருட்டியதும் மெலற்றோனின் என்ற ஹோர்மோன் சுரந்து உடலை இரவுக்கு ஆயத்தப்படுத்துகிறது. கலங்களுக்குள் இக்கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டறிந்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017 இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மறதிநோயில் இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தளர்கிறது.

1. வயதோடு கண்வில்லை மஞ்சளாகிறது. நீல ஒளியைத்தான் அது முதலில் மறிக்கும். கண்புரை வந்தால் இன்னும் மோசம்.

2. அல்சைமர் நோயில் அந்த மெலனொப்சின் கலங்களே குறைகின்றன.

3. தலைமைக் கடிகாரத்திலுள்ள நரம்புக் கலங்களும் தேய்கின்றன.

4. நோயாளி வீட்டுக்குள் முடங்குவதால் கண்ணுக்கு வரும் வெளிச்சமும் குறைகிறது. நான்கில் கையோடு நம்மால் திருத்தக்கூடியது இது ஒன்றுதான்.

விளைவு எல்லோரும் கண்டது. பகலில் கதிரையில் இருந்தபடியே தூங்கி விழுவார்கள். இரவு இரண்டு மணிக்கு எழும்பிக் கதவைத் தட்டுவார்கள். பொழுதுபடும் நேரத்தில் கூடும் பதற்றம் தனி ரகம். விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். மைம்மல். வெளியே மங்கி வருகிறது, உள்ளே குமிழ் இன்னும் போடவில்லை, முற்றத்து மரங்களின் நிழல் சுவரில் அசைகிறது. அம்மம்மா எழும்பிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “நான் வீட்டை போகவேணும், பிள்ளை. அவை என்னைத் தேடுவினம்” என்கிறார். “இதுதானே எங்கட வீடு” என்று மகள் சொன்னால் கோபம் வருகிறது. நாலைந்து இடம்பெயர்வு கண்டவர் ஒருவர் எந்த வீட்டைச் சொல்கிறார் என்று மகளுக்கும் தெரியாது.

இந்த மைம்மல் தடுமாற்றத்துக்குக் களைப்பு, பசி, வலி, பயம் என்று பல காரணம் உண்டு. குழம்பிய நாட்கடிகாரமும் மங்கல் வெளிச்சமும் அவற்றில் இரண்டு. ஒளிச் சிகிச்சை தொடுவது அந்த இரண்டைத்தான்.

பிரகாச ஒளி: ஆய்வுகள் உண்மையில் காட்டியது

இத்துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது. 2008 இல் வெளியானது. 12 முதியோர் பராமரிப்பு நிலையங்களில் 189 பேர். பெரும்பாலானோர் மறதிநோயாளர், சராசரி வயது 85 க்கு மேல். சில நிலையங்களின் பொது மண்டபக் கூரையில் பகல் முழுவதும் ஏறக்குறைய 1,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வரும்படி விளக்குப் பொருத்தினார்கள். மற்றவற்றில் வழமையான வெளிச்சம். சிலரை மூன்றரை வருடம் வரை தொடர்ந்து பார்த்தார்கள்.

கிடைத்தவை: 30 புள்ளி நினைவுச் சோதனையில் வீழ்ச்சி 0.9 புள்ளி குறைந்தது. மனச்சோர்வு அறிகுறிகள் 19 வீதம் குறைந்தன. அன்றாட வேலைகளில் ஏற்படும் இயலாமை கூடும் வேகம் 53 வீதம் குறைந்தது. கடைசி எண்ணைத் தலைப்பாகப் போட்டு “மறதிநோய் பாதியாகக் குறைந்தது” என்று எழுதுவது மிகச் சுலபம், எழுதியும் இருக்கிறார்கள். நினைவு சம்பந்தமான எண் 0.9. முப்பதில் ஒரு புள்ளி கூட இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு கண்டுபிடிப்பு அவ்வளவாகப் பேசப்படவில்லை. மெலற்றோனின் குளிசையை மட்டும் கொடுத்தபோது தூக்கம் கொஞ்சம் கூடியது. ஆனால் ஆட்கள் ஒதுங்கி வாடிப்போனார்கள். ஒளியோடு சேர்த்துக் கொடுத்தபோது அந்தக் கெடுதி தெரியவில்லை. வெளிநாட்டிலிருந்து மெலற்றோனின் போத்தலை அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

2014 இல் கொக்ரேன் என்ற நடுநிலை ஆய்வுக் குழுமம் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மறதிநோய்க்கு ஒளியைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. 2023 இறுதியில் வெளியான ஒரு சீனத் தொகுப்பாய்வு, 15 ஆய்வுகளிலிருந்து 598 அல்சைமர் நோயாளரை எடுத்து, தூக்கத்திலும் மனநிலையிலும் முன்னேற்றம் இருக்கிறது என்றது. இரண்டும் முரண் போலத் தோன்றும். பின்னையதில் புதிய ஆய்வுகளும் சேர்ந்திருந்தன. தூக்கம், பகல் விழிப்பு, மனச்சோர்வு, அமைதியின்மை ஆகியவற்றில் சிறிய ஆனால் பல ஆய்வுகளில் தெரியும் நன்மை. நினைவில் மிகச் சொற்பம், அதுவும் உறுதியில்லை.

அந்தச் சிறிய நன்மையை அலட்சியம் செய்யமுடியாது. இரவில் தூங்காத நோயாளிக்கு நடைமுறையில் கிடைக்கும் மாற்று என்ன? தூக்க மருந்து கொடுத்தால் விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்து கூடும். மனநோய் மருந்து கொடுத்து அடக்கினால், மறதிநோயாளரில் இறப்பு வீதம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005 இலேயே கறுப்புப் பெட்டி எச்சரிக்கை என்ற மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டிருக்கிறது. இவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், செலவில்லாத, கெடுதி குறைந்த ஒரு வழி பாதி பேருக்குப் பயன்பட்டாலும் முதலில் முயலத் தக்கது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

40 ஹேர்ட்ஸ்: எலியில் நடந்தது, மனிதரில் நடப்பது

மூளை வேலை செய்யும்போது எழும் மின்னலைகளில் காமா அலை ஒன்று. செக்கனுக்கு ஏறக்குறைய 30 முதல் 100 தரம் ஏறி இறங்கும். அல்சைமர் நோயில் அது பலவீனப்படுகிறது. 2016 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் லீ ஹுவே சாய் தலைமையிலான குழு, அல்சைமர் வகை மாற்றங்கள் வரும்படி மரபணு மாற்றிய எலிகளுக்கு 40 ஹேர்ட்ஸ் மினுக்கொளியை ஒரு மணி நேரம் காட்டியது. மூளையின் பார்வைப் பகுதியில் அமிலோயிட் பாதி அளவுக்குக் குறைந்தது. மூளையின் துப்புரவுக் கலங்கள் அதை விழுங்குவதும் தெரிந்தது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது இதுதான்.

அந்தச் செய்திகளில் விடுபட்டவை மூன்று.

1. ஒரு நாளுக்குள் அமிலோயிட் பழைய அளவுக்குத் திரும்பியது. அதனால்தான் பின்னர் தினமும் ஒரு மணி நேரம் என்று தொடர்ந்தார்கள்.

2. அந்த 2016 ஆய்வில் வெறும் ஒளியின் விளைவு பார்வைப் பகுதியைத் தாண்டிப் போகவில்லை. 2019 இல் ஒலியையும் பயன்படுத்தியபோது நினைவோடு தொடர்புடைய பகுதிகளில் மாற்றம் கண்டதாக அக்குழு அறிவித்தது.

3. 2023 இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜி புசாக்கியின் குழு அதே பரிசோதனையைச் செய்து பார்த்தது. அமிலோயிட் குறையவில்லை, மூளையின் ஆழமான பகுதிகள் தாளத்துக்கு இசையவும் இல்லை. எலிகள் அந்த மினுக்கொளியை விட்டு விலகப் பார்த்தன என்றும் எழுதினார்கள்.

மனிதரில்? எம்.ஐ.டி. கண்டுபிடிப்பை வைத்து உருவான நிறுவனம் கண்ணாடியும் ஒலிக்கருவியும் சேர்ந்த ஒரு சாதனத்தைச் செய்தது. நூறு பேருக்கும் குறைவான நோயாளரில், தினம் ஒரு மணி நேரம், ஆறு மாதம் சோதித்தார்கள். சில அளவுகோல்களில் வீழ்ச்சி மெதுவானது, மூளை சுருங்குவதும் குறைந்தது. வேறு சில அளவுகோல்களில் தெளிவான வேறுபாடு வரவில்லை. ஆகவே 600 க்கும் மேற்பட்டோரோடு ஒரு வருடம் நீளும் பெரிய ஆய்வுக்குப் போனார்கள். இச்சாதனத்துக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் “திருப்புமுனைச் சாதனம்” என்ற தகுதி கொடுத்தது. பெயர் பெரிதாக இருக்கிறது; பொருள், பரிசீலனையை விரைவாகச் செய்வோம் என்பதுதான். வேலை செய்கிறது என்ற சான்றிதழாக அதைக் காட்டுவது தவறு.

இதற்கிடையில் யூடியூப்பில் “40 ஹேர்ட்ஸ் மூளைச் சிகிச்சை” என்ற காணொளிகள் குவிந்து கிடக்கின்றன. இவற்றைப் பற்றி ஒரு எளிய கணக்குப் போதும். பல கைத்தொலைபேசித் திரைகள் செக்கனுக்கு 60 தரம் புதுப்பிக்கும். காணொளியும் செக்கனுக்கு அதிகபட்சம் 60 சட்டகம் (தனிப் படம்). ஒரு சட்டகம் வெளிச்சம், ஒன்று இருட்டு என்றால் 30 ஹேர்ட்ஸ் வரும். அதற்கு அடுத்த ஒழுங்கான படி 20 ஹேர்ட்ஸ். சீரான 40 ஐ அந்தத் திரையால் காட்டவே முடியாது. 15 முதல் 25 ஹேர்ட்ஸ் வரையிலான மினுக்கம்தான் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களை அதிகம் தூண்டுவது. பயன் வராது என்பதோடு முடியவில்லை. தலைக் காயத்துக்குப் பிறகு வலிப்பு வந்தவர்கள் வன்னியில் குறைவில்லை. இந்தக் காணொளிகளை வயோதிபர் முகத்துக்கு முன்னால் பிடிக்கவேண்டாம்.

அகச்சிவப்புத் தொப்பி

சுருக்கமாகவே சொல்லலாம். 810 நனோமீற்றர் போன்ற அலைநீளங்கள் கலங்களின் சக்தி நிலையங்களில் உள்ள ஒரு நொதியைத் தூண்டுகின்றன என்பது ஆய்வுகூடத்தில் தெரிந்த விடயம். தோல், எலும்பு எல்லாம் தாண்டி மூளைக்குள் போவது அந்த ஒளியின் மிகச் சிறு பங்கு. மனித ஆய்வுகள் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணும் ஆட்களோடு நடந்தவை. விலையோ பெரிது. மூட்டு நோவுக்கு வெப்பம் பிடிக்கும் சிவப்பு விளக்கு இதுவல்ல. அதைத் தலைக்குப் பிடித்தால் தோல்தான் வேகும்.

வன்னியில் வெளிச்சம் எங்கே தொலைகிறது

இந்தச் சிகிச்சைகள் பிறந்த ஊர்களைப் பாருங்கள். அம்ஸ்ரடாமில் மார்கழிப் பகல் எட்டு மணி நேரம் கூட இல்லை. கிளிநொச்சி பூமத்தியரேகைக்கு வடக்கே 9 பாகை சொச்சத்தில் இருக்கிறது; வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். அங்கே பிரகாச ஒளி தரும் விளக்குப் பெட்டி வாங்கவேண்டிய தேவை இங்கே இல்லை.

முன்னர் சொன்ன லக்ஸ் அலகிலேயே பார்ப்போம். நடுப்பகல் வெட்டவெளியில் 1,00,000 லக்ஸ். வேப்பமர நிழலில் சில ஆயிரம், சிலவேளை பத்தாயிரம். ஐப்பசி, கார்த்திகை மழை மூட்டத்திலும் வெளியே சில ஆயிரம் இருக்கும். திறந்த விறாந்தையின் ஓரம் ஆயிரத்துக்கு மேலே போகும். அங்கிருந்து உள்ளே நான்கு எட்டு வைத்து, யன்னல் சாத்திய அறைக்குள் போனால் நூறு லக்ஸும் தேறாது. 9 வாற் எல்.இ.டி. குமிழைப் போட்டாலும் நிலைமை அதிகம் மாறாது: அது மொத்தமாக 800, 900 லூமன் (குமிழ் வெளிவிடும் ஒளியின் அளவு) தரும், ஆனால் அறை முழுக்கப் பரவி இரண்டு மீற்றர் தள்ளி இருப்பவரின் கண்ணுக்கு வரும்போது நூறைத் தாண்டுவது அரிது. நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் இந்த நூறு மடங்கு வித்தியாசத்தை உணர்வதில்லை. உடலின் கடிகாரம் உணர்கிறது.

ஆக, வெளிச்சம் முற்றத்தில் கொட்டிக் கிடக்க, வயோதிபர் இருட்டில் இருக்கிறார். ஏன்?

போருக்குப் பிறகு வந்த திட்ட வீடுகளில் பெரும்பாலும் சிறிய அறைகள். நுளம்புக்கும் புழுதிக்கும் பயந்து யன்னல் சாத்தியே இருக்கும். வயோதிபரின் கட்டில் பின்பக்க அறையில், அல்லது ரீவி இருக்கும் கூடத்தில். முதலாவதில் பகலிலும் இருட்டு. இரண்டாவதில் நாடகம் முடியும்வரை இரவிலும் வெளிச்சம்.

அதைவிடப் பெரிய காரணம் ஆளில்லாமை. மகள் விடியப்புறமே ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்குப் போய்விடுகிறார். மருமகன் இல்லை, அல்லது கொழும்பில். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம். வயோதிபர் வெளிக்கிட்டு நடந்துவிடுவார், கிணறு இருக்கிறது, ஏ9 வீதி இருக்கிறது, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் என்றால் யானையும் இருக்கிறது. ஆகவே கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள். குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சாத்திய கதவுக்குள் ஒருவர் பத்து மணி நேரம் இருட்டில் இருக்கிறார். பகல் முழுக்கத் தூங்குகிறார். மகள் களைத்து வந்து படுக்கும்போது விழிக்கிறார். வன்னியில் ஒளிச் சிகிச்சை என்பது விளக்கு வாங்கும் பிரச்சினையாக இல்லாமல், காலையில் ஒருவரைக் கைபிடித்து விறாந்தைக்குக் கொண்டுவர ஆள் தேடும் பிரச்சினையாக இருக்கிறது.

இதோடு, லான்செற் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024 இல் வெளியிட்ட தவிர்க்கக்கூடிய 14 காரணிகளின் பட்டியலைப் பார்த்தால் இந்த மண் கண்முன் வரும்: குறைந்த பள்ளிக் கல்வி, தலைக் காயம், காது கேட்டல் குறைபாடு, மனச்சோர்வு, தனிமை, சலரோகம், உயர் குருதியமுக்கம். பராமரிக்கப்படாத பார்வைக் குறைபாடு அந்த வருடம்தான் புதிதாகச் சேர்ந்தது. செல் விழுந்து காது அடைத்தவர்களும், பள்ளிக்கூடம் பாதியில் நின்றவர்களும் இப்போது அறுபதைத் தாண்டுகிறார்கள்.

வீட்டில் செய்யக்கூடியது

1. காலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில், முடிந்தால் ஒரு மணி நேரம், இல்லாவிட்டால் அரை மணி நேரம், வெளியே மர நிழலிலோ விறாந்தை ஓரத்திலோ முற்றத்தைப் பார்த்து இருக்கவைக்கவும். முகம் சுவரைப் பார்த்தபடி இருந்தால் பலன் குறையும். ஒளி கண்ணுக்கு வரவேண்டும். சூரியனை நேரே பார்க்கச் சொல்லவேண்டாம். தேநீர், வெங்காயம் உரித்தல், கீரை ஆய்தல், பூக் கட்டுதல் என்று கைக்கு ஒரு வேலை கொடுத்தால் எழும்பி ஓடமாட்டார்கள்.

2. ஒரே நேரம், தினமும். இரண்டு நாள் செய்துவிட்டு மாற்றமில்லை என்று விடக்கூடாது. கடிகாரம் நகர வாரக்கணக்கு எடுக்கும்.

3. படுக்கையில் இருப்பவர் என்றால் கட்டிலை யன்னல் பக்கம் திருப்பவும். யன்னலுக்கு நுளம்பு வலை அடித்துவிட்டால் பகலில் திறந்து வைக்கலாம். இதற்குக் கொஞ்சம் செலவு உண்டு.

4. மைம்மலுக்கு முன்பே, வெளியே இருட்ட முதலே, உள்ளே குமிழைப் போடவும். நிழல்கள் குறையும். அந்த நேரத்தில் சாப்பாடோ பால் தேநீரோ முடிந்திருந்தால் நல்லது.

5. இரவு எட்டு, எட்டரைக்குப் பிறகு வெள்ளைக் குமிழை அணைத்து, மஞ்சள் நிறச் சிறு குமிழுக்கு மாறவும். ரீவியும் பேரனின் தொலைபேசியும் அவர் படுக்குமிடத்திலிருந்து விலகட்டும்.

6. மலசலகூடம் வளவின் கோடியில் இருக்கும் வீடுகளில் இரவு வழி பெரிய சிக்கல். முழு இருட்டில் விட்டால் விழுவார், பாம்பும் உண்டு. முகத்துக்கு வெள்ளை ரோர்ச் அடித்தால் தூக்கம் கலையும். வழி நெடுக முழங்காலுக்குக் கீழே மங்கலான மஞ்சள் வெளிச்சம், ரோர்ச் நிலத்தைப் பார்த்து.

7. பகல் தூக்கம் மதியத்துக்குப் பிறகு அரை மணி நேரத்தோடு நிற்கட்டும்.

பகல் பத்துக்குப் பிறகு வெயிலில் இருத்த வேண்டாம். சித்திரை, வைகாசி வெக்கையில் தண்ணீர் கேட்கத் தெரியாத ஒருவர் அரை நாளில் சோர்ந்துவிடுவார், அந்தச் சோர்வே குழப்பத்தைக் கூட்டும். விற்றமின் டி வேண்டும் என்று நடு வெயிலில் நிறுத்துவது வேறு விடயம்; அது தோலுக்குப் படும் புறஊதாக் கதிரின் வேலை. இங்கே பேசுவது கண்ணுக்கு வரும் வெளிச்சம்.

சலரோகத்தால் விழித்திரை பழுதானவர்கள், வேறு விழித்திரை நோயுள்ளவர்கள், உச்ச மகிழ்ச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோயுள்ளவர்கள், குளோர்புரோமசின், அமியோடரோன், டொக்சிசைக்கிளின் போன்ற ஒளிக்கூச்சம் தரும் மருந்து எடுப்பவர்கள் விளக்குப் பெட்டி எதையும் பயன்படுத்தமுன் டொக்டரைக் கேட்கவேண்டும். விறாந்தை நிழலுக்கு அவ்வளவு கட்டுப்பாடு இல்லை.

வெளிச்சத்துக்கு முன்னால் பார்க்கவேண்டியவை

மறதி என்று வரும் எல்லோருக்கும் மறதிநோய் இல்லை. திருத்தக்கூடிய காரணங்களைத் தவறவிட்டுவிட்டு வெளிச்சத்தில் இருத்திப் பயனில்லை. மாவட்ட வைத்தியசாலையில் கேட்டுப் பார்க்கவேண்டியவை:

1. தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு. மெற்போர்மின் குளிசையை வருடக்கணக்காக எடுக்கும் சலரோகக்காரருக்கு பி12 குறையலாம்.

2. மருந்துகள். தடிமனுக்குக் கடையில் வாங்கும் குளோர்பெனிரமினும், அதைவிட அமிற்றிப்ரிலின், பென்செக்சோல் போன்ற வேறு குளிசைகளும் வயோதிபரின் நினைவைக் குழப்பும். வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டவும்.

3. மனச்சோர்வு. பிள்ளையைப் பறிகொடுத்து, தேடி, காத்திருக்கும் தாய் ஒருவர் பேச்சுக் குறைந்து, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால் அதை அறளை என்று ஒதுக்கிவிடுவது கொடுமை. வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவு இதற்குத்தான் இருக்கிறது.

4. கண்புரை. அமெரிக்காவின் சியாற்றில் பகுதியில் நடந்து 2022 இல் வெளியான ஆய்வில், கண்புரை சத்திரசிகிச்சை செய்துகொண்ட வயோதிபருக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு, செய்யாதவரை விட ஏறக்குறைய 30 வீதம் குறைவாக இருந்தது. அது ஒரு தொடர்பு. காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனால் மஞ்சளான வில்லையை எடுத்துவிட்டுத் தெளிந்த வில்லை வைத்தால் நீல ஒளி மீண்டும் உள்ளே போகும். விளக்குக்குச் செலவழிக்க வைத்திருக்கும் காசை யாழ்ப்பாணத்துக்குக் கண் கிளினிக் போய்வரும் செலவுக்கு வைத்தால் பலன் கூட.

5. விழுந்து தலை அடிபட்ட பிறகு, சில நாளிலோ சில கிழமையிலோ குழப்பம் தொடங்கியிருந்தால் மண்டைக்குள் இரத்தம் கட்டியிருக்கலாம். ஸ்கான் எடுக்கவேண்டும்.

நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று பொழுதுபடும்போது ஆளைத் தெரியாமல் பேசத் தொடங்கினால், அது மைம்மல் தடுமாற்றம் என்று விட்டுவிடக்கூடாது. சலத்தில் கிருமி, நிமோனியா, சீனி இறங்கியது, உப்புச்சத்துக் குறைந்தது என்று ஏதாவது இருக்கும். சலரோக மருந்து எடுப்பவர், அறிவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், சீனித் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வாகனம் பிடியுங்கள். விடியும்வரை பொறுக்காமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.